புறங்கை

மேசையின் மேல் ஐந்து கரிந்த கட்டைகளை வரிசையாக வைத்துவிட்டு, அவள் காக்கிச் சட்டையின் கையை முழங்கை வரை மடித்துக்கொண்டாள். நான்காம் வகுப்பு மொத்தமும் கழுத்தை நீட்டிப் பார்த்தது. முன் பெஞ்சில் இருந்த ஒருவன், "டீச்சர், இது சாப்பிடறதா?" என்று கேட்க, பக்கத்தில் இருந்தவள், "உனக்கு எதப் பாத்தாலும் சாப்பிடத்தான் தோணும்" என்று அவன் தொடையில் கிள்ளினாள். வகுப்பு சிரித்தது. அவளும் சிரித்தாள். சிரிக்கிற வகுப்பில் பாடம் சீக்கிரம் ஏறும் என்பது பதினான்கு பள்ளிக்கூடங்களில் அவள் கண்டுகொண்ட விஷயம்.

உண்மையில் அவள் டீச்சர் இல்லை. வனக்காப்பாளர். மலைச்சரிவில் ஒரு பகுதியைப் பார்த்துக்கொள்வதுதான் அவள் வேலை. போன கோடையில் தெற்குச் சரிவு எரிந்துபோன பிறகு, மலையடிவாரத்துப் பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் ஆள் அனுப்பிக் காட்டைப் பற்றியும் தீயைப் பற்றியும் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டும் என்று இலாகா முடிவு செய்தது. யாரை அனுப்புவது என்று பேச்சு வந்தபோது அலுவலகத்தில் எல்லோரும் அவளைத்தான் பார்த்தார்கள். குரல் நன்றாக இருக்கும், பொறுமை உண்டு, பிள்ளை பெற்றவள். அன்றிலிருந்து அவள் பிள்ளைகளுக்குக் காட்டு டீச்சர். கடைத்தெருவில் சைக்கிளில் போகும் பொடியன்கூட "காட்டு டீச்சர் வணக்கம்" என்று கத்திவிட்டுப் போவான். அந்த வணக்கத்தைக் கேட்கும்போதெல்லாம் அவளுக்குள் ஏதோ ஒன்று ஒரு அங்குலம் கீழே இறங்கும்.

"காட்டுக்கு யார் சொந்தக்காரங்க?" என்று வழக்கம்போல ஆரம்பித்தாள்.

"எங்க மாமா" என்றான் முன் பெஞ்சுக்காரன்.

"எப்படி?"

"அவர்தான் டெய்லி போய் விறகு கொண்டாருவாரு."

ஜன்னலோரம் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்த வகுப்பு டீச்சர், தலை நிமிராமலே, "உங்க மாமாகிட்ட சொல்லிடாத, காக்கிச் சட்டைக்காரங்க முன்னாடி சொன்னேன்னு" என்றார். மறுபடியும் சிரிப்பு.

அவள் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினாள். முதல் படத்தில் காய்ந்த இலைகள் மெத்தைபோலக் கிடந்தன. அது குப்பை இல்லை, மண்ணுக்குப் போர்வை என்றாள். இரண்டாவதில் தரையில் கூடு கட்டும் பறவை. தீ வந்தால் தாய் பறந்துவிடும், முட்டை பறக்காது என்றாள். யாரோ "ப்ச்" என்றார்கள். மூன்றாவது படம் தீத்தடுப்புக் கோடு. கோடை தொடங்குவதற்கு முன்பே நாமாகவே ஒரு பட்டை அகலத்துக்குப் புல்லையும் சருகையும் எரித்துவிடுகிறோம், பின்னால் பெருந்தீ வந்தால் அங்கே தின்ன ஒன்றும் இல்லாமல் நின்றுவிடும் என்று விளக்கினாள். "பசியோட வர்ற விருந்தாளி வீட்ல ஒண்ணுமில்லன்னு தெரிஞ்சா திரும்பிப் போயிடுவான்ல, அந்த மாதிரி."

நான்காவது படத்தை எடுக்கும்போது மட்டும் அவள் கை தயங்கும். ஒரு ஆள் பாறையில் உட்கார்ந்து சிகரெட் பிடிக்கிற படம். காலடியில் எறிந்த துண்டிலிருந்து புகை. முதலில் அச்சடித்ததில் ஆள் மட்டும்தான் இருந்தான். தெற்குச் சரிவு எரிந்த பிறகு புதிதாக அடித்து வந்த படத்தில் அவன் பக்கத்தில் ஒரு ஆடும் நின்றது. யார் சொல்லி வரைந்தார்களோ. அவள் அந்தப் படத்தைக் காட்டும்போது பெயர் எதுவும் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய அவசியமே இருந்ததில்லை.

"டீச்சர்," நடுப் பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்தான். "இது தீப்பெட்டியோட அப்பாதான?"

யாரும் சிரிக்கவில்லை. எல்லாத் தலைகளும் கடைசி பெஞ்சுக்குத் திரும்பின. மூன்று பேர் உட்காரக்கூடிய பெஞ்சில் ஒரு சிறுமி தனியாக உட்கார்ந்திருந்தாள். ரெட்டைச் சடை. சட்டையில் நாலு பொத்தானும் நாலு நிறம். கேட்டது தன்னை இல்லை என்பதுபோல் அவள் படத்தில் இருந்த ஆட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உக்காருடா," என்றார் வகுப்பு டீச்சர். "பேர் வெச்சுக் கூப்பிடக் கூடாதுன்னு எத்தன தடவ சொல்றது."

காட்டு டீச்சர் படத்தைக் கவிழ்த்து வைத்தாள். தெற்குச் சரிவுக்குத் தீ வைத்ததாக ஊர் சொல்லும் ஆட்டுக்காரரின் மகள் இந்தப் பள்ளியில்தான் படிக்கிறாள் என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்ததனால்தான் இந்தப் பள்ளியைப் பட்டியலில் கடைசிக்குத் தள்ளித் தள்ளி வைத்திருந்தாள்.

போன கோடை தொடங்கும் சமயம், தீத்தடுப்புக் கோடு எரிக்கும் வேலையின் கடைசி நாள் அது. எரித்து முடித்தால் வேலை முடிந்துவிடாது. கோட்டோரமாக நடந்து, கருகி நிற்கும் ஒவ்வொரு அடிக்கட்டையையும் புறங்கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். உள்ளங்கை காய்த்துப்போனது, அதற்குச் சூடு சட்டென்று தெரியாது. புறங்கைத் தோல் மெல்லியது, உள்ளே பதுங்கிய தணலையும் கண்டுபிடித்துவிடும். மேலே தொட்டு, பக்கத்தில் தொட்டு, வேரடியில் மண்ணை விலக்கித் தொட்டு, ஆறியிருந்தால்தான் சுண்ணாம்பு டப்பாவில் விரலை விட்டு ஒரு வெள்ளைக் குறி வைக்க வேண்டும். மலையில் நடமாடுகிற எல்லோருக்கும் அந்தக் குறி தெரியும். வெள்ளை வைத்த கட்டை என்றால் அணைந்த கட்டை.

அன்று சாயங்காலம் தண்ணீர்க் குடம் காலியாகிவிட்டது. கூலியாட்கள் ஆறு பேரும் நாக்கு வறண்டு உட்கார்ந்துவிட்டார்கள். "நீங்க இறங்குங்கண்ணே, மிச்சத்த நான் பாத்துட்டு வரேன்" என்று அவள்தான் அனுப்பிவைத்தாள். நல்ல மனசோடுதான் சொன்னாள். தனியாக நடந்தபோதுதான் நினைவு வந்தது, மகனுக்குப் பள்ளிக்கூட ஷூ வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தது. பழைய ஷூவில் பெருவிரல் வெளியே எட்டிப் பார்க்கிறது, மறுநாள் போட்டுக்கொண்டு போக வேறில்லை. கடை ஏழு மணிக்கு மூடிவிடும். கடைசி வளைவில் பதினோரு கட்டைகள் மிச்சம் இருந்தன. நின்று பார்த்தாள். ஒன்றிலும் புகை இல்லை. எல்லாம் கறுத்து, சாதுவாக, தூங்குவதுபோல நின்றன. சுண்ணாம்பு டப்பாவைத் திறந்து பதினொன்றுக்கும் வெள்ளை வைத்துக்கொண்டே இறங்கிவிட்டாள். கை வைக்கவில்லை. வைத்திருந்தால் கால் மணி நேரம் ஆகியிருக்கும். ஷூ வாங்கிவிட்டாள். மகன் அதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கினான்.

மூன்றாம் நாள் காற்று திரும்பியது. தெற்குச் சரிவு நாலு நாள் எரிந்தது. ஆட்டுக்காரர் முப்பத்தோரு ஆடுகளோடு மேலே இருந்தார். கீழே ஓடி வந்துவிட்டவர், ஆடுகள் வராததைப் பார்த்து மறுபடி நெருப்புக்குள் போனார். நாலு ஆடுகளோடு வெளியே வந்தார். நெருப்பிலிருந்து வெளியே வருகிறவனைப் பார்த்தவர்களுக்கு அவன் ஏன் உள்ளே போனான் என்று தெரியாது. உள்ளேயிருந்து வருகிறான் என்று மட்டும் தெரியும். அவர் சட்டைப் பையில் சிகரெட்டும் தீப்பெட்டியும் இருந்தன. அதற்கு மேல் யாருக்கும் எதுவும் தேவைப்படவில்லை. நாலு மாதம் ஜெயிலில் இருந்துவிட்டு வந்தார். கையில் வெந்த தழும்பும், நெஞ்சில் போகாத புகையும் அவரோடு வந்தன.

அவளிடம் விசாரணையில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்கள். கோடு முழுக்கப் பார்த்துக் குறி வைத்தாகிவிட்டதா? வைத்தாகிவிட்டது என்றாள். குறி வைத்தது உண்மைதான். அந்தப் பாதி உண்மையின் மேல் அவள் ஒரு வருடமாகப் படுத்து எழுந்துகொண்டிருந்தாள். சிகரெட்டாகவும் இருக்கலாம் அல்லவா? இருக்கலாம். தினமும் காலையில் பால் பொங்குவதற்குள் அடுப்படி ஜன்னலில் கண்ணை மூடி நின்று கடவுளிடம் எல்லாவற்றையும் பேசுகிறவள், அந்த ஒரு இடம் வந்ததும் தெருவில் கடன்காரனைப் பார்த்தவள்போல மறுபக்கமாக நடந்துவிடுவாள். கடவுளும் அவளைக் கூப்பிட்டு நிறுத்தவில்லை. அவர் பொறுமை அப்படி. நமக்கு வழி தெரியும் என்று நம்பி, நாமே திரும்பி வரட்டும் என்று அவர் காத்துக்கொண்டிருப்பார்.

இப்போது அவள் கட்டைகளைக் காட்டினாள். "ஒவ்வொருத்தரா வரிசையில வாங்க. இந்த அஞ்சுல ஒண்ணு மட்டும் இன்னும் அணையல. புறங்கையால தொட்டுப் பாத்து எதுன்னு சொல்லணும்."

இது இலாகா கொடுத்த பாடத்தில் இல்லாதது. அவளே சேர்த்துக்கொண்டது. ஐந்தாவது கட்டை அடியில் குடைவாக இருக்கும். அதற்குள் வெந்நீர் ஊற்றிய சின்ன டப்பா ஒன்றை ஒளித்து வைத்திருப்பாள். மேலே தொட்டால் ஒன்றும் தெரியாது. எந்தப் பள்ளியிலும் ஒரு பிள்ளைகூடக் கண்டுபிடித்ததில்லை. கடைசியில் அவள்தான் கட்டையைத் தூக்கிக் காட்டுவாள். எல்லோரும் "ஓ" என்பார்கள். ஏன் இப்படி ஒரு விளையாட்டைச் சேர்த்தாள் என்று அவளைக் கேட்டால் அவளுக்கே பதில் தெரியாது. சொல்லாத வார்த்தை இப்படித்தான் ஏதாவது ஒரு ஓட்டையைப் பார்த்து வெளியே கையை நீட்டும் போலிருக்கிறது.

பிள்ளைகள் வந்தார்கள். தொட்டார்கள். ஒருத்தி மூன்றாவது என்றாள். ஒருவன் எல்லாமே அணைந்துபோச்சு என்றான். முன் பெஞ்சுக்காரன் ஐந்தையும் மோந்து பார்த்துவிட்டு, "ரெண்டாவதுதான் டீச்சர், வாசன வருது" என்றான். கடைசியாக அந்தச் சிறுமி வந்தாள். அவள் நடந்து வந்த வழியில் இருந்த பிள்ளைகள் காலை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். அவள் கட்டைகளின் தலையைத் தொடவே இல்லை. குனிந்து, ஒவ்வொன்றின் அடியிலும் கையை நுழைத்துக்கொண்டே வந்தாள். ஐந்தாவதில் கை நின்றது.

"இது," என்றாள்.

வகுப்பு டீச்சர் நோட்டிலிருந்து நிமிர்ந்தார். "அட" என்றார்.

"எப்படிம்மா கண்டுபிடிச்ச?" என்று காட்டு டீச்சர் கேட்டாள். உண்மையிலேயே மகிழ்ச்சியோடுதான் கேட்டாள்.

"மேல தொட்டா தெரியாது டீச்சர். வேருக்குள்ள இருக்கும். எங்கப்பா சொன்னாரு." சிறுமி கையை எடுக்காமலே பேசினாள். தரையைப் பார்த்துப் பேசினாள். "தீ வர்றதுக்கு முந்தின நாள், ஒரு கட்டையில லேசா புகை வந்துச்சாம். அப்பா குடிக்க வெச்சிருந்த தண்ணிய அதுல ஊத்துனாராம். புகை நின்னுடுச்சாம். ஆனா உள்ள இருந்திருக்கு."

"பொய்," என்றான் நடுப் பெஞ்சுக்காரன். "அப்போ உடனே யார்ட்டயாவது சொல்லிருக்கணும்ல."

"சொல்லணும்னுதான் நெனச்சாராம். ஆனா அந்தக் கட்டையில வெள்ள வெச்சிருந்துச்சாம்." சிறுமி நிமிர்ந்தாள். "வெள்ள வெச்சிருந்தா காட்டு டீச்சர் கை வெச்சுப் பாத்திருப்பாங்க, பயமில்லன்னு வந்துட்டாராம்."

ஜன்னலுக்கு வெளியே யாரோ குழாயைத் திறந்து வாளியில் தண்ணீர் பிடிக்கும் சத்தம் கேட்டது. வாளி நிறைந்து, வழிந்து, குழாயை மூடுகிற வரைக்கும் காட்டு டீச்சர் அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு வாயைத் திறந்தாள். "சரியா சொன்ன. போய் உக்காரும்மா" என்றுதான் வந்தது. படங்களை உருட்டினாள். மணி அடிக்க இன்னும் பத்து நிமிடம் இருந்தது. "இன்னிக்கு இவ்வளவுதான்" என்றாள்.

பள்ளிக்கூட வாசலைத் தாண்டி, பேருந்து நிறுத்தத்தின் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள். ஒரு வருடமாக அவள் பிடித்துக்கொண்டிருந்த 'இருக்கலாம்' என்ற கயிறு அறுந்து கையில் இருந்தது. அதைவிட அவளை நொறுக்கியது வேறு. அவர் அவளை நம்பியிருக்கிறார். அந்த வெள்ளையைப் பார்த்து நம்பியிருக்கிறார். வெள்ளை இல்லாவிட்டால் ஓடிப்போய் யாரிடமாவது சொல்லியிருப்பார். நெருப்பை அவள் தடுக்காமல் விட்டது ஒன்று. தடுக்க வந்தவரையும் அந்த வெள்ளைக் குறி வீட்டுக்குத் திருப்பி அனுப்பியிருக்கிறது.

"டீச்சர்."

சிறுமி மூச்சு வாங்க நின்றாள். நெஞ்சோடு அந்த ஐந்தாவது கட்டையை அணைத்துப் பிடித்திருந்தாள். சட்டை முழுக்கக் கரி. "இத மறந்துட்டீங்க. டப்பா இன்னும் சூடா இருக்கு, பாத்துப் பிடிங்க."

அவள் வாங்கிக்கொண்டாள். தீப்பெட்டி என்று அழைக்கப்படுகிற பிள்ளை, அந்தப் பெயர் எங்கிருந்து வந்ததோ அந்தக் கையைப் பார்த்து, சுட்டுக்கொள்ளாதே என்கிறது. உலகத்தில் இப்படிப்பட்ட சின்னச் சின்ன இரக்கங்கள் நம்மைத் தேடி வந்துகொண்டே இருக்கின்றன. நாம்தான் வீட்டில் இல்லாததுபோலக் கதவைச் சாத்திக்கொண்டிருக்கிறோம்.

"அப்பா வீட்ல இருக்காராம்மா?"

"இருக்காரு. எங்கயும் போக மாட்டாரு."

ஒற்றை அறை வீடு. ஒரு மூலையில் கட்டில், இன்னொரு மூலையில் மலைபோலச் சட்டைகள். ஆட்டுக்காரரின் மனைவி ஆலைச் சட்டைகளுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். காக்கியைப் பார்த்ததும் ஊசி நின்றது. "இன்னும் என்ன இருக்கு?" என்றார். "மிச்சம் நாலு ஆட்டையும் வித்தாச்சு."

"கேஸ் விஷயமா வரலக்கா."

ஆட்டுக்காரர் எழுந்து உட்கார முயன்றார். இருமல் அவரைப் பாதியில் பிடித்து நிறுத்தியது. அது முடிகிற வரைக்கும் எல்லோரும் காத்திருந்தார்கள். மனைவி எழுந்து முதுகுக்குத் தலையணை கொடுத்தார்.

அவள் நின்றுகொண்டே சொன்னாள். பதினோரு கட்டைகள், சுண்ணாம்பு டப்பா, ஷூ, ஏழு மணி. ஒன்றையும் விடவில்லை. சொல்லி முடித்தாள். கேட்காமலே சிறுமி ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். அதைக் குடிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் அவள் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"தெரியும்மா," என்றார் ஆட்டுக்காரர்.

"தெரிஞ்சும் ஏண்ணே சொல்லல? எனக்காகவா?"

அவர் சிரிக்கப் பார்த்தார். "உங்களுக்காக நான் ஏன் உள்ள போகணும்? நீங்க என்ன எனக்குக் கூடப் பொறந்தவங்களா?" மூச்சை இழுத்துக்கொண்டார். "ரெண்டு நாள் கேட்டாங்க. சிகரெட்ட எங்க போட்ட, எங்க போட்டன்னு. புகைய எங்க பாத்தன்னு ஒருத்தரும் கேக்கல. நானா சொன்னேன். எழுதிக்க வேண்டிய ஆளு பேனாவ எடுக்கவே இல்ல. அப்புறம் விட்டுட்டேன்."

மனைவி சட்டையை மடியிலிருந்து இறக்கி வைத்தார். அவர் குரல் உயரவில்லை. "இந்த மனுஷன்கிட்ட வந்து சொல்லிட்டீங்க. உங்க பாரம் இறங்கியிருக்கும். இவருக்கு என்ன ஆச்சு? இவருக்குத்தான் மொதல்லயே தெரியுமே."

"நான் ஆபீஸ்ல எழுதித் தரேங்கக்கா."

"ஆபீஸ்ல யார் வேணா என்ன வேணா எழுதட்டும். எம்பொண்ணு ஆபீஸ்லயா உக்காந்திருக்கா?" அவர் மகளைப் பார்க்காமலே பக்கத்தில் இழுத்துக்கொண்டார். "மூணு பேர் உக்கார்ற பெஞ்சுல ஒத்தையா உக்காந்திருக்கா. உங்களுக்குச் சொல்லணும்னா அங்க போய்ச் சொல்லுங்க."

வெளியே வந்து செருப்பு மாட்டும்போதுதான் டம்ளர் இன்னும் தன் கையில் இருப்பதைப் பார்த்தாள். குடித்தாள். ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டுப் படியில் வைத்தாள்.

அவள் கணவர் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். எஞ்சினைத் தவிர வேறு எதைப் பற்றியும் நாலு வார்த்தைக்கு மேல் பேசாதவர். அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு வெகுநேரம் நகத்திலிருந்த கிரீஸைச் சுரண்டிக்கொண்டிருந்தார். "வேல போயிடுமா?" என்றார்.

"போகலாம்."

"ஷூவ நானே வாங்கிட்டு வந்திருக்கலாம்," என்றார். "கடை எங்க டிப்போ எதிர்லதான்." காலையில் அவள் எழுந்தபோது அவளுடைய காக்கிச் சட்டை இஸ்திரி போட்டுக் கதவில் தொங்கியது. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடத்தில் அவர் இஸ்திரிப் பெட்டியைத் தொட்டதில்லை. காலரில் ஒரு மடிப்பு கோணலாக இருந்தது. அவள் அதைச் சரிசெய்யாமலே போட்டுக்கொண்டாள். அன்று பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. அவள் ஜன்னலில் கண்ணை மூடியபடி நின்றிருந்தாள். அன்றுதான் அந்த ஒரு இடம் வந்ததும் மறுபக்கமாக நடக்காமல் நேராகக் கடவுள் முன்னால் போய் நின்றாள்.

ரேஞ்சர் அவள் கடிதத்தை இரண்டு முறை படித்தார். "முடிஞ்சுபோன கேஸும்மா. அந்த ஆளும் அனுபவிச்சுட்டு வந்துட்டான். இப்பப் போய்க் கிளறி யாருக்கு என்ன?"

"அந்தப் பொண்ணு இன்னும் அனுபவிச்சிட்டு இருக்கா சார்."

அவர் கெட்டவர் இல்லை. ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தது, அவ்வளவுதான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இத நான் மேல அனுப்பியே ஆகணும். அனுப்பின நிமிஷம் நீங்க யூனிஃபார்ம் போட முடியாது. தெரியும்ல?"

"தெரியும் சார்."

"பள்ளிக்கூடம் ஏதாவது பாக்கி இருக்கா?"

"எல்லாம் முடிஞ்சுது சார். ஒண்ணுக்கு மட்டும் திரும்பப் போகணும்."

கடிதத்தின் மேல் கண்ணாடிக் குண்டை எடுத்து வைத்தார். "இந்த அனுப்பற கிளார்க் ஒரு சோம்பேறி. அவன் கைக்கு இது போக நாளன்னிக்கு ஆயிடும்," என்றார். சோம்பேறி என்று பேர் வாங்கிய கிளார்க் எதிர் மேசையில்தான் உட்கார்ந்திருந்தார். தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார். பிறகு தன் இழுப்பறையைத் திறந்து எதையோ தேடுவதுபோல மும்முரமாகத் தேடினார்.

மறுநாள் விடிந்ததும் தெற்குச் சரிவுக்கு ஏறினாள். ஒரு வருடத்தில் புல் முளைத்திருந்தது. மரங்கள் முளைக்கவில்லை. கறுப்புக் கம்பங்களாக நின்றன. பறவைச் சத்தம் எங்கோ தள்ளி, வேறொரு மலையில் கேட்டது. கடைசி வளைவில் பதினொன்றில் ஏழுதான் அடையாளம் தெரிந்தன. ஒன்று மட்டும் பாதி வெந்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. புரட்டினாள். மண்ணில் அழுந்திக் கிடந்த பக்கத்தில் அவளுடைய விரல் அகலத்துக்கு மங்கலாக வெள்ளை இருந்தது.

நான்காம் வகுப்பு அவளை எதிர்பார்க்கவில்லை. "மறுபடியும் கண்டுபிடிக்கிற வெளையாட்டா டீச்சர்?" என்று முன் பெஞ்சுக்காரன் குதித்தான்.

"இல்லப்பா. அன்னிக்கு ஒரு பாடத்தத் தப்பா சொல்லிட்டேன். திருத்த வந்திருக்கேன்." ஒற்றைக் கட்டையை மேசையில் வைத்தாள். வெள்ளை தெரியும் பக்கமாகத் திருப்பி வைத்தாள். நான்காவது படத்தை எடுத்து, நாலாக மடித்து, மேசையிழுப்பறையில் போட்டாள். பிறகு கையைக் கட்டிக்கொள்ளாமல், பின்னால் மறைக்காமல், இரண்டு பக்கமும் தொங்கவிட்டு நின்று சொன்னாள். பிள்ளைகளுக்குப் புரிகிற வார்த்தையில் சொன்னாள். நீங்க கணக்கப் போடாமலே போட்டேன்னு டிக் அடிச்சுக்குவீங்கல்ல, அந்த மாதிரி நான் பண்ணினேன் என்றாள். உங்க கணக்குல மார்க் போகும். என் கணக்குல மலை போயிடுச்சு என்றாள். அந்த மலைக்காகத் தன் குடிதண்ணியக் கொட்டின ஒரே மனுஷன் இவளோட அப்பாதான் என்றாள்.

வகுப்பு டீச்சரின் கையிலிருந்த சாக்பீஸ் கீழே விழுந்து உருண்டது. யாரும் எடுக்கவில்லை.

நடுப் பெஞ்சுக்காரன் மெதுவாக எழுந்தான். "அப்போ தீ வெச்சது நீங்களா டீச்சர்?"

"வெக்கல. அணைஞ்சுதான்னு பாக்கல. பாத்தேன்னு பொய்யா வெள்ள வெச்சேன்."

"உங்கள ஜெயில்ல போடுவாங்களா?"

"தெரியலப்பா."

அவன் என்ன செய்வது என்று தெரியாமல் நின்றான். திரும்பிக் கடைசி பெஞ்சைப் பார்த்தான். தன் பையைத் தூக்கினான், மறுபடி வைத்தான், உட்கார்ந்துவிட்டான். உட்காரும்போது பெஞ்சின் ஓரமாக, ஒரு ஆள் உட்காரும் அளவு இடம் விட்டு உட்கார்ந்தான்.

சிறுமி எழுந்தாள். அந்த இடத்துக்குப் போகவில்லை. பெஞ்சுகளுக்கு நடுவே நடந்து மேசைக்கு வந்தாள். இந்தத் தடவை யாரும் காலை இழுத்துக்கொள்ளவில்லை. காட்டு டீச்சரை அவள் பார்க்கவில்லை. கட்டையைத்தான் பார்த்தாள். வெள்ளை இருந்த இடத்தைக் கட்டைவிரலால் ஒரு முறை தேய்த்துப் பார்த்தாள். அது போகவில்லை. பிறகு குனிந்து, அதன் அடியில், வேர் இருந்த குழிக்குள் புறங்கையை நுழைத்தாள்.

வகுப்பு மூச்சுவிடாமல் பார்த்தது. ஜன்னல் வழியாக வந்த காற்றில் மேசை மேல் இருந்த கரித்தூள் லேசாக நகர்ந்தது.

"ஆறிடுச்சா?" என்று முன் பெஞ்சுக்காரன் குசுகுசுத்தான்.

சிறுமி தலையைச் சாய்த்து, எங்கோ ரொம்ப உள்ளேயிருந்து வரும் ஒன்றைக் கேட்பவள்போல, கையை எடுக்காமல் நின்றுகொண்டிருந்தாள்.